அப்பா பார்த்த கல்லூரி, அம்மா பார்த்த கல்லூரி

நான் பிளஸ் டூ முடித்த வருடம், ஒரே வாரத்தில் இரண்டு கல்லூரிகளிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. புதுச்சத்திரத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். தபால்காரர் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வருவது கல்யாணப் பத்திரிகைக்கும் சாவுச் சேதிக்கும்தான். அதனால் முதல் கடிதம் வந்தபோது வெங்காயக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா பதறி எழுந்து, "யாருக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டாள்.

"ஒன்னுமில்லீங்க. உங்க புள்ளைக்குத்தான். காலேஜ்லருந்து வந்திருக்குது" என்றார் அவர்.

முதல் கடிதம் காவிரிக்கு அக்கரையிலிருந்த ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து. கணிதத்தில் இடம், விடுதியிலும் இடம். நான்கு நாள் கழித்து வந்த இரண்டாவது கடிதம் சேலத்திலிருந்து, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற ஒரு கலைக் கல்லூரியிலிருந்து. அங்கே ஜியாலஜியில் இடம்.

ஜியாலஜி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் மூன்று பாடங்களை எழுதச் சொல்லியிருந்தார்கள். கணக்கு, இயற்பியல் என்று எழுதிவிட்டு, மூன்றாவது கோட்டைக் காலியாக விட மனம் வராமல், பட்டியலில் கடைசியாக இருந்ததைப் பார்த்து எழுதினேன். பூகோளம் போல ஏதோ ஒன்று என்று நினைப்பு. அப்பா ரொம்ப நாள் வரைக்கும் அதை ஜியாகரபி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. சந்தையில் மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்க வேண்டும், சுழி பார்க்க வேண்டும், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஒரு கல்லூரியில் எதைப் பார்ப்பது? இரண்டு கடிதத்தையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஆங்கிலத்தில் இருந்தன. கடைசியில் என்னிடம், "நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தரலாம் அம்மிணி. பாக்காம எப்புடிச் சொல்றது" என்றார்.

பெண்கள் கல்லூரிக்கு அப்பாவோடு போனேன். திருச்செங்கோட்டில் பஸ் மாறினோம். குமாரபாளையத்துக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடுகிற சத்தத்தில் கண்டக்டர் சொல்வதுகூடக் காதில் விழவில்லை. பாலத்தில் ஏறியதும் அந்தச் சத்தம் அறுந்துவிட்டது. மேட்டூரில் தண்ணீர் திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் நான் காவிரியைப் பார்த்ததில்லை. கிணற்றில் ஒரு அடி ஏறினால் அன்றைக்கு முழுக்க அதையே பேசுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். அத்தனை தண்ணீர் யாரும் இறைக்காமல் தானாகப் போவதைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கல்லூரியில் எங்களை ஒரு வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். எங்களைப் போலவே பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சொந்த ஜீப்பில் வந்திறங்கிய ஒருவர், காலை நீட்டிப் போட்டு ஒரு பெஞ்சு முழுக்கத் தனக்கே வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா கையில் ஃபைலோடு நடந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். அவர் யாரையும் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வராந்தாவில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஜீப்காரரும் காலை மடக்கிக்கொண்டு எழுந்தார். அந்த வெள்ளைச் சேலை அம்மாதான் முதல்வர்.

எழுந்தவர்களில் அப்பாவும் ஒருவர். அப்பா யாருக்காவது எழுந்து நிற்பதை நான் அதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன். தாசில்தாருக்கு, கோயில் தர்மகர்த்தாவுக்கு, மின்சார வாரியத்துக்காரருக்கு. ஒரு பெண்ணுக்கு எழுந்து நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

அறைக்குள் போனதும், "உட்காருங்க" என்றார் முதல்வர்.

"இருக்கட்டுங்கம்மா" என்று அப்பா நின்றபடியே இருந்தார்.

முதல்வர் என்னிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். நான் விழித்ததைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "கணக்கு எதுக்காக எடுத்திருக்கே?"

"கணக்கு நல்லா வருமுங்க."

"வர்றது வேற. பிடிக்குமா?"

அந்த மாதிரி என்னை யாரும் கேட்டதில்லை. பிடிக்கும் என்று சொன்னேன். சொல்லும்போதே அது பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு மாணவியைக் கூப்பிட்டு, எங்களுக்குச் சுற்றிக் காட்டச் சொன்னார்.

நூலகத்தில் அலமாரிகள் கூரை வரைக்கும் போயின. மேல் தட்டுப் புத்தகத்தை எடுக்க ஏணி போட்டிருந்தார்கள். அந்த ஏணியின் நடுப்படியில் ஒரு பெண் வசதியாகச் சாய்ந்து நின்று படித்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து உட்கார வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. விடுதியில் இரண்டு பெண்கள் ஆங்கிலப் பேப்பரை வைத்துக்கொண்டு ஏதோ செய்தியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்தும் நிறுத்தாமல் சண்டையைத் தொடர்ந்தார்கள். ஒரு ஆண்பிள்ளை வந்து நிற்கிறார் என்று குரலைத் தாழ்த்தாத பெண்களை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். இங்கே வந்தால் நான் வேறு ஆளாகிவிடுவேன் என்று பட்டது. அந்த நினைப்பு ஒரு பக்கம் இனித்தது. இன்னொரு பக்கம், அந்த வேறு ஆள் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது, திருச்செங்கோட்டில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு அப்பா சொன்னார்: "அந்தம்மாவப் பாத்தியா? அத்தன பேரும் எந்திரிச்சாங்க. அதட்டி ஒரு பேச்சு இல்ல. நீயும் அப்புடி வரோணும் சாமி."

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். சேலத்துக்குப் போக வேண்டியதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாதான் விடவில்லை. "ஏனுங்க, பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு நீங்கதான சொன்னீங்க. ஒன்னப் பாத்தா பாத்ததாயிருமா?" என்றாள். மழை பெய்து காடு பதமாக இருந்ததால் அப்பாவுக்கு உழவு இருந்தது. அம்மாவும் நானும் கிளம்பினோம்.

சேலம் கல்லூரிக்குள் நுழைந்தபோது அம்மா முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். படிக்கட்டில் எல்லாம் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை, வழி விட்டார்கள். ஆனால் அந்தப் படிக்கட்டை ஏறி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஜியாலஜி எங்கே என்று கேட்டோம். நீளமான வராந்தாவின் கடைசி அறையைக் காட்டினார்கள்.

அறை முழுக்கக் கல். மேஜை மேல், ஜன்னல் திட்டில், தரையில் சாக்குப் பைகளில், எங்கே பார்த்தாலும் கல். நடுவே ஒரு ஆசிரியர் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். சட்டைப் பையில் மைக்கறை. எங்களைப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவி வந்தார்.

"சேர வந்தீங்களா?" என்றார். நம்ப முடியாதவர் போலத்தான் கேட்டார். பேச்சில் ஆத்தூர்ப் பக்கத்து வாசம் இருந்தது.

"பாத்துட்டுப் போலாம்னு வந்தமுங்க. இந்தப் படிப்புல என்னங்க சொல்லிக் குடுப்பீங்க?" என்று அம்மா கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "உங்க காட்டுல கெணறு இருக்குதாம்மா?" என்றார்.

"இருக்குதுங்க."

"வெட்டும்போது பாத்திருக்கீங்களா? என்னென்ன வந்துச்சு, சொல்லுங்க பாப்போம்."

அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். "மேல ஒரு ஆள் மட்டம் செம்மண்ணுங்க. அதுக்குக் கீழ சுக்காங்கல்லு, வெள்ளை வெள்ளையா, கையில புடிச்சா சுண்ணாம்பாட்டம் ஒட்டும். பொறவு கல்லு மாதிரியே தெரியும், ஆனா மம்முட்டி போட்டா உதுந்துரும். அது ரெண்டு ஆளுக்குப் போச்சுங்க. அப்பறம் கரும்பாறை. வெடி வெச்சுத்தான் எடுத்தோம். கெழக்கால மூலைல மட்டும் பாறை சாஞ்சாப்புல இருந்துச்சு. அந்தச் சந்துலதான் தண்ணி வந்துச்சு."

அவர் மேஜையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "கெழக்கு மூலையா? எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு, நெனப்பு இருக்குதாம்மா?" அம்மா உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினாள். அவர் அதைப் பார்த்து நோட்டில் ஒரு படம் போட்டார். ஒவ்வொரு அடுக்காக மறுபடி கேட்டு, பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

அந்த நிமிடத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். என் அம்மா மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள். அவள் சொல்லச் சொல்ல ஒரு கல்லூரி வாத்தியார் எழுதிக்கொள்கிறார். அவர் மரியாதைக்காகச் செய்யவில்லை. அவருக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

பிறகு எங்களை மைக்ராஸ்கோப் இருந்த மேஜைக்குக் கூட்டிப் போனார். விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் லேசான கறை போல ஏதோ ஒட்டியிருந்தது. "இது கல்லும்மா. ராசிபுரம் பக்கத்துல ஒரு கெணத்துல எடுத்தது. தேச்சுத் தேச்சு, காயிதத்த விட மெல்லிசா ஆக்கியிருக்குது."

"கல்லுக்குள்ள வெளிச்சம் போகுமுங்களா?" என்றாள் அம்மா.

"நீங்களே பாருங்க."

முதலில் என்னைப் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் குழலில் வைத்தேன். உள்ளே நீலமும் ஆரஞ்சும் பச்சையும் இழைந்து இழைந்து கிடந்தன. ஒரு துண்டு கோடு கோடாக, மில் சேலைக் கரை போல இருந்தது. அவர் கல்லை வைத்திருந்த தட்டை மெதுவாகச் சுற்றினார். நீலமாக இருந்தது இருண்டது. இருண்டிருந்தது தங்கமாக எழுந்தது. ஒரே ஒரு உருண்டை மட்டும் எப்படிச் சுற்றினாலும் கறுப்பாகவே நின்றது. மூச்சு விட்டால் கலைந்துவிடும் போல இருந்தது. நான் மூச்சு விடவில்லை.

"இது எங்க இருக்குதுங்க?" என்று கேட்டேன். என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியாமல் கேட்ட கேள்வி.

"எங்கயும் இல்ல, உங்க காலுக்குக் கீழதான்" என்றார்.

அம்மா பார்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல், உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டாள். வெளியே மணி அடித்தது, வராந்தாவில் பையன்கள் ஓடினார்கள், அவள் அசையவில்லை. நிமிர்ந்தபோது அவள் கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம் பதிந்திருந்தது.

"கலியாணமாகி வந்த வருசம் கெணறு வெட்டுனாங்க" என்று அவரிடம் சொன்னாள். "இந்தக் கல்லத்தான் கூடை கூடையா தலைல சொமந்து மேல கொட்டுனனுங்க. ஒரு நாளும் தெரியலீங்களே." அவர் சரி என்பது போலத் தலையை அசைத்தார்.

கிளம்பும்போது அம்மா கேட்டாள்: "பொம்பளப் புள்ளைங்க படிக்கிறாங்களா?"

"இதுவரைக்கும் இல்லம்மா" என்றார் அவர். "இந்த வருஷம் ஒரு பொண்ணு சேந்திருக்குது. உங்க பொண்ணு வந்தா ரெண்டு."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது, இரண்டு பேரும் வெவ்வேறு மொழி பேசுவது போல இருந்தது. அப்பா அந்த முதல்வரைப் பற்றிச் சொல்வார். அம்மா கல்லுக்குள் பார்த்த நிறத்தைச் சொல்வாள். அப்பா பார்த்ததை அம்மா பார்க்கவில்லை, அம்மா பார்த்ததை அப்பா பார்க்கவில்லை. இரண்டையும் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால் என்னால் யார் பக்கமும் பேச முடியவில்லை. அந்த ஏணிப்படியில் நின்று படித்த பெண்ணை நினைத்தால் அங்கே போக வேண்டும் என்றிருந்தது. விடுதிக்கு மதில் உண்டு, பயமில்லை, கணக்கும் வரும். சேலத்தில் அந்தப் படிக்கட்டை நினைத்தால் மறுபடி வியர்த்தது.

ஆனால் இரண்டு நாளாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை மூன்றாம் நாள்தான் கவனித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் கிணற்றடிக் கற்குவியலில் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மாடு தண்ணீர் குடித்துவிட்டு எப்போதோ போய்விட்டது. கணக்குப் புத்தகத்தோடு நான் ஒரு நாளும் இப்படி நேரம் தெரியாமல் உட்கார்ந்ததில்லை.

அன்றைக்கே அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "நான் சேலத்துக்கே போறனுங்கப்பா."

அவர் கலப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல், "அதப் படிச்சா என்ன ஆவே?" என்று கேட்டார்.

"தெரியலீங்க."

"அந்தம்மா மாதிரி ஆவியா?"

"தெரியலீங்கப்பா."

மறுநாள் காலை வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிப் போனவர் பொழுது சாயத்தான் வந்தார். எங்கே போனீர்கள் என்று அம்மா கேட்டதற்குச் சொல்லவில்லை. அடுத்த நாளும் அப்படியே போனார். அன்று சாயங்காலம் சோற்றுக்கு முன் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "காலைல ஏழரை பஸ்ல கூட்டம் இருக்குது. ஆனா முன்னாடி ரெண்டு சீட்டு பொம்பளைங்களுக்குன்னு உட்டர்றாங்க. கண்டக்டரு நல்ல மாதிரிதான். சாயங்காலம் அஞ்சேகால் பஸ்ஸு வேண்டாம், மில்லு உடற நேரம், நசுங்கிப் போவே. அதுக்கு அடுத்ததுல வா."

இரண்டு நாளும் நான் போக வேண்டிய பஸ்ஸில் போய், நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, கல்லூரி வாசல் வரை நடந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் வரை அங்கேயே எங்கோ மரத்தடியில் காத்திருந்து திரும்பியிருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் உங்கம்மா பாத்துட்டாளே" என்றார்.

பெண்கள் கல்லூரிக்குக் கடிதம் எழுதிப் போட்டால் போதும் என்று நான் சொன்னேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "வாரோம்னு சொல்லிட்டு வந்தமில்ல" என்று தனியாக அக்கரைக்குப் போய்வந்தார். அந்த முதல்வர் கோபித்துக்கொண்டாரா என்று அம்மா கேட்டாள்.

"கோபமில்ல. என்ன படிப்புன்னு கேட்டாங்க, சொன்னேன். நான் கேட்டதுக்கு உங்க பொண்ணு இப்பத்தான் பதில் சொல்லியிருக்குதுன்னாங்க. எனக்கு வெளங்கல" என்றார் அப்பா.

எனக்கு விளங்கியது.

ஜூலையில் சேர்ந்தேன். எங்கள் வகுப்பில் இருபது பையன்கள், நாங்கள் இரண்டு பெண்கள். இன்னொருத்தி சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பிலிருந்து வருவாள். முதல் மாதம் நாங்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் மட்டும்தான் பேசிக்கொண்டோம். பாடப் புத்தகம் ஆங்கிலத்தில். ஒரு பக்கம் படிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. முதல் பரீட்சையில் தோற்றேன். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்த நாட்கள் உண்டு. அக்கரைக் கல்லூரியை நினைத்து ஏங்கிய நாட்களும் உண்டு. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த மைக்ராஸ்கோப்பில் கண் வைத்த எந்த நாளிலும் அந்த ஏக்கம் வந்ததில்லை.

ஒருநாள் வகுப்பில் எங்கள் பக்கத்துப் பாறைகளின் வயதைச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவைத் தேடிப் போனேன். காட்டு மேட்டில் எங்களுக்கு ஒரு பாறை உண்டு, வண்டி திருப்புகிற அகலத்துக்குத் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதன் மேல்தான் கடலை காய வைப்போம். அப்பா அதில் உட்கார்ந்து காய்ந்த கடலையை அள்ளிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இந்தப் பாறைக்கு எத்தன வயசு இருக்குமுங்க?"

"எங்க தாத்தன் காலத்துலயே இருக்குது."

"இருநூத்தம்பது கோடி வருசமுங்க."

அவர் கடலையை அள்ளுவதை நிறுத்தினார். "கோடியா?"

"கோடிதானுங்க."

சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். கொல்லிமலை கிழக்கே நீலமாக நின்றது. "அப்ப மனுசன் இருந்தானா?"

"மனுசன் இல்லீங்க. மரஞ்செடி இல்ல. மீனுகூட இல்ல."

"பாக்கறதுக்கு ஆருமே இல்லையா" என்று அப்பா மெல்லச் சொன்னார். என்னிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை. உள்ளங்கையைப் பாறையில் வைத்து, மாட்டின் முதுகைத் தடவுவது போல ஒரு முறை தடவினார். பொழுது இறங்கும் வரை நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். சாக்கு பாதி நிறைந்தபடியே இருந்தது.

படித்து முடித்தேன். பிறகு மேலும் படித்து, நிலத்தடி நீர் பார்க்கிற வேலைக்கு வந்தேன். எண்பதுகளின் பின்பாதியில் கிணறுகள் வற்றி, ஊர் ஊராகப் போர் போட ரிக் வண்டிகள் அலைந்த வருடங்களில் ஜீப்பில் நானும் அலைந்தேன். நான் உள்ளே வரும்போது ஆண்கள் எழுந்து நின்றதில்லை. தண்ணீர் எங்கே என்று கேட்டுப் பின்னால் நடந்து வந்தார்கள். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவள் பிறந்த ஊருக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். அங்கே காட்டில் கிடந்தது என்று ஒரு கல்லைக் கொண்டுவந்து தந்தாள். கட்டை விரல் பருமன், மங்கலான சிவப்பு, ஆறு பட்டை. சீவிவிட்ட பென்சில் கட்டை போல இருந்தது. "நம்மூர்ல இந்த மாதிரி பாத்ததில்ல. உங்க சாருகிட்டக் காட்டு" என்றாள்.

மறுநாள் கல்லூரியில் அந்த ஆசிரியர் அதைக் கத்தியால் கீறினார். கத்தியின் இரும்புதான் கல்லில் ஒட்டியது. ஜன்னல் கண்ணாடியில் கல்லால் கீறினார். கண்ணாடியில் பள்ளம் விழுந்தது. "இது குருந்தம்" என்றார். "கரண்டம்னு புஸ்தகத்துல படிச்சியே, அதுதான். அந்தப் பேரே நம்ம குருந்தத்துலருந்து போனது. மாணிக்கமும் இதே சாதிதான். யார் எடுத்தது இதை?"

சொன்னேன். அவர் சின்ன அட்டை ஒன்றை எடுத்து, கல்லின் பெயரை எழுதினார், ஊரை எழுதினார். 'சேகரித்தவர்' என்று அச்சடித்திருந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, "உங்க அம்மா பேர் என்ன?" என்றார். அதையும் எழுதி, கல்லோடு கண்ணாடி அலமாரியில் வைத்தார்.

ரேஷன் அட்டையைத் தவிர அம்மாவின் பெயர் வேறெங்கும் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். அம்மா மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ற பேரயா எழுதுனாரு?" என்றாள். அரிவாளைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள். "அந்தக் காட்டுல இன்னும் கெடக்குது அம்மிணி. அடுத்த தடவ போறப்ப நீயும் வா."